ஒன்றிரண்டு இடங்களில் இடியுடன் கூடிய மழை

எங்கள் வீட்டில் காலையில் வானிலை அறிக்கையை வாசிப்பது என் வேலை. வாசிக்கும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது மனைவியின் வேலை. ஆண்டு முழுவதும் இந்த ஏற்பாடு இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து, வடகிழக்குப் பருவக்காற்று இன்னும் வந்து சேராத சில வாரங்கள் இருக்கின்றன. அந்த வாரங்களில் மட்டும்.

அப்போது எங்கள் பேராக் மாநிலத்தின் அறிக்கை நாள் தவறாமல் ஒரே மாதிரி இருக்கும். காலை, மழையில்லை. பிற்பகல், ஒன்றிரண்டு இடங்களில் இடியுடன் கூடிய மழை. இரவு, மழையில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாங்கக் கடிதங்கள் எழுதிப் பிழைத்தவன் என்பதால் இந்த வாக்கியத்தை மனதார மெச்சுவேன். கமுந்திங்கிலிருந்து ஹுத்தான் மெலிந்தாங் வரை விரிந்து கிடக்கும் மாநிலத்தில் ஏதாவது ஒன்றிரண்டு இடங்களில் இடி இடிக்காமல் எந்தப் பிற்பகல் கழியும்? எழுதியவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது. அவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

எங்களால் முடியாது. அந்த ஒன்றிரண்டு இடங்களில் ஓர் இடத்தில் மச்சான் இருக்கிறார்.

மச்சான் என்பது என் மனைவியின் அண்ணன். எழுபதைத் தாண்டியவர். நாங்கள் இருக்கும் ஈப்போவிலிருந்து தஞ்சோங் ரம்புத்தானைக் கடந்து மலையடிவாரத்தை நோக்கிப் போனால், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது எண்ணெய்ச் செம்பனையாகிவிட்ட நிலம் வரும். அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருந்த பழைய லயத்தில் மிஞ்சியிருக்கும் கடைசி வீட்டில், ஒரு பசுவோடும் ஏழெட்டுக் கோழிகளோடும் தனியாக இருக்கிறார். மற்றவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். அவருக்கும் ஒன்று ஒதுக்கப்பட்டது, நான்காம் மாடியில். "மாட்ட லிப்ட்ல ஏத்துவாங்களா மாப்ள?" என்று கேட்டார். அதற்கான விதி எனக்குத் தெரியும். ஏற்ற மாட்டார்கள்.

ஆகவே எங்களுக்குள் ஒரு நடைமுறை. கைத்தொலைபேசியில் இடிமழை எச்சரிக்கை வந்ததும் மனைவி அவரை அழைப்பாள். "இருக்கேன்லா, மழ இன்னும் வரல" என்பார். பிறகு போனை அணைத்துவிடுவார். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து மறுபடியும் போட்டு, அவரே அழைப்பார். இடைப்பட்ட நேரம் முழுவதும் மனைவி சமையலறையில் நிற்பாள். உட்கார மாட்டாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

அவர் போனை அணைப்பதற்குக் காரணம் நான்.

மச்சான், மனைவி இருவருடைய அப்பா இடி விழுந்து இறந்தவர். பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர். ஒருநாள் மேகம் கறுத்ததும், மழை விழுந்து பால் கெட்டுப்போவதற்குள் கோப்பைகளிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அவர் வாளியோடு ஒரு மரத்தடிக்குப் போனார். நான்கு நாள் கழித்து அரசாங்கப் படிவத்துடன் அந்த லயத்துக்குப் போன இளநிலை அதிகாரி நான். தமிழ் தெரிந்தவன் என்று என்னை அனுப்பியிருந்தார்கள். அம்மா பேசும் நிலையில் இல்லை. மகள்தான் பதில் சொன்னாள். சம்பவத்தின்போது இறந்தவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு கேள்வி இருந்தது. "மழைக்கு ஒதுங்கி நின்னாரு" என்றாள். கொடுத்திருந்த கட்டத்துக்குள் அது அடங்கியது. எழுதிக்கொண்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவளையே கல்யாணம் செய்துகொண்டேன். யாழ்ப்பாணத்து வழியில் வந்த என் அப்பா, ரயில்வே குமாஸ்தா, தோட்டத்துக் கூலி வீட்டுப் பெண் என்ற அந்தச் செய்தியை வெள்ள அறிவிப்பைப் போல வாங்கிக்கொண்டார். சாமான்களை மேலே தூக்கி வைத்துவிட்டு, தண்ணீர் வடியும்வரை பேசாமல் காத்திருந்தார்.

அந்த மரணத்துக்குப் பிறகு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தமிழாக்கம் நான். மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். இரும்புச் சாமான்களைக் கையில் வைத்திருக்க வேண்டாம். மூடிய வாகனம் அருகில் இருந்தால் அதற்குள் இருக்கவும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வர வேண்டாம். ஐந்தாவதாக, தொலைபேசியைப் பயன்படுத்த வேண்டாம். அந்தக் காலத்துக் கம்பித் தொலைபேசிக்கு அது சரியான எச்சரிக்கைதான். ஆனால் அந்த லயத்தில் ஒரு வீட்டிலும் தொலைபேசி கிடையாது. துரை பங்களாவிலும் ஆபீசிலும் மட்டும்தான் இருந்தது. ஐந்தாவதை விட்டுவிடலாமா என்று மேலதிகாரியைக் கேட்டேன். மூலத்தில் இருப்பதை விட்டுவிட உனக்கு அதிகாரமில்லை என்றார். அவருக்கும் இல்லை. எழுதினேன். எல்லாச் சுற்றறிக்கைகளையும் போல கடைசி வரியையும் எழுதினேன்: மறு உத்தரவு வரும்வரை இது நடப்பில் இருக்கும்.

மறு உத்தரவு வரவே இல்லை. தோட்டம் கைமாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. துரையும் ஆபீசும் போன இடம் தெரியவில்லை. சுற்றறிக்கை மட்டும் மச்சான் வீட்டுக் கதவின் உட்புறத்தில், பிளாஸ்டிக் உறைக்குள், நடப்பில் இருந்தது. நாங்கள் கைத்தொலைபேசி வாங்கிக் கொடுத்தபோது அவர் முதலில் கேட்டதே அதை எப்படி அணைப்பது என்றுதான். கம்பியில்லாத போனால் ஆபத்தில்லை என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

"நீங்கதானே எழுதுனீங்க?" என்பார்.

"அது அந்தக் காலத்து போனுக்கு மச்சான்."

"கெவர்மெண்டு காயிதம்லா அது. வாயால சொன்னா ஆச்சா?"

அலுவலக முகப்பில் வந்து நின்ற பொதுமக்களுக்கு வாழ்நாள் முழுவதும் நான் சொல்லி அனுப்பிய பதிலே அதுதான்.

சென்ற ஆண்டு, அந்த வாரங்களில் ஒரு வியாழக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது என் போன் அலறியது. எங்கள் கிந்தா மாவட்டம், இடியுடன் கனமழை, பலத்த காற்று, மாலை ஐந்து மணி வரை. மனைவி உடனே அண்ணனை அழைத்தாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்தாள்.

"அண்ணே, இடிமழைக்கு அமாரான் வந்திருக்கு. வீட்டுலதானே இருக்கே?"

"இருக்கேன் இருக்கேன். மாடு பெரட்டுக் களத்துல நிக்கிது. அவுத்துக் கொண்டாந்து கட்டிப்புட்டு உள்ள போயிருவேன்."

"மாடு கெடக்கட்டும்ணே. மேகம் எப்படி இருக்கு?"

"மலை மேல கறுத்துருக்கு. இங்க வர நேரமாகும்லா."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் பின்னால் ஓர் உறுமல் கேட்டது. எங்கள் மூவருக்குமே கேட்டது. "சரி, ஆப் பண்றேன்" என்றார்.

பெரட்டுக் களம் என்பது தோட்டக் காலத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்ட திறந்த வெளி. இப்போது வெறும் புல். நடுவில் ஒரே ஒரு தூங்குமூஞ்சி மரம், பெரிய மரம். பசுவை அதில்தான் கட்டுவார். வேறு எதில் கட்டுவது?

மழை எங்கள் பக்கம் வந்தபோது மணி மூன்று இருக்கும். வீட்டுக்கு எதிரே தெரியும் சுண்ணாம்புக் குன்று கண்முன்னே கரைந்து காணாமல் போனது. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் விநாடிகளை எண்ணுவது எனக்குப் பழக்கம். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். எண்ண ஆரம்பிப்பதற்குள்ளேயே இடித்த தடவைகளும் உண்டு. கண்ணாடி மின்னலை இழுக்கும் என்று, மனைவி முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் துண்டைப் போட்டு மூடினாள். அது தோட்டத்துப் பழக்கம், என் சுற்றறிக்கையில் இல்லாதது.

மூன்றரைக்கு எங்கள் தெருவில் மழை விட்டது. நான்கு மணிக்குப் போன் வர வேண்டும். வரவில்லை. அவள் அழைத்தாள். நீங்கள் அழைத்த எண் தொடர்பில் இல்லை என்று மலாய்க்காரப் பெண் ஒருத்தி பதிவுக் குரலில் சொன்னாள். நாலே கால். அதே பெண். நாலரை. அதே பெண்.

"இவளுக்கு வேற வேலையே இல்ல போல" என்றாள் மனைவி. அழைப்பதும் அணைப்பதுமாக இருந்தாள்.

நான் முறைப்படி செய்ய வேண்டியதைச் செய்தேன். அவசர எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர் மரியாதையாகவே பேசினார். சம்பவம் என்ன என்று கேட்டார். சம்பவம் நடந்ததா என்று தெரியவில்லை என்றேன். வீட்டு எண் கேட்டார். அந்த வீட்டுக்கு எண் கிடையாது, பதிவில் அந்த லயமே இப்போது கிடையாது. குறிப்பு எழுதிக்கொள்கிறேன் என்றார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மனைவி செருப்பைப் போட்டுக்கொண்டு குடையோடு வாசலில் நின்றாள்.

"போலாம்."

"மலைப்பக்கம் இன்னும் இடி ஓயல. கொஞ்சம் பொறு. விட்டதும் போலாம்."

"அப்பாவையும் அப்படித்தான், மழ விட்டப்பறம் போய்ப் பாத்தோம்."

நான் சாவியை எடுத்தேன்.

தஞ்சோங் ரம்புத்தானை நெருங்கும்போது மழையின் ஓரத்தை எட்டிப் பிடித்துவிட்டோம். அந்த ஊரில் பெரிய மனநல மருத்துவமனை இருப்பதால், பேராக்கில் யார் எந்த முட்டாள்தனம் செய்தாலும் அங்கே கட்டில் போட்டு வைக்கச் சொல்வது வழக்கம். "இந்த மழையில கார எடுத்தவன இங்கயே எறக்கி விட்டுட்டுப் போலாம்" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"பேசாம ஓட்டுங்க."

அவள் மடியில் போன். திரையில் அண்ணனின் எண். கட்டைவிரல் அதன் மேலேயே இருந்தது.

செம்பனைக் காட்டுக்குள் திரும்பியதும் தார் முடிந்து செம்மண் பாதை. இரண்டு பக்கமும் மட்டைகள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டிருந்தன. பாதி தூரத்தில் ஒரு மரம் பாதைக்குக் குறுக்கே வேரோடு சாய்ந்து கிடந்தது. அதற்கு மேல் கார் போகாது. அங்கிருந்து வீட்டுக்குப் பத்து நிமிட நடை.

"நீ இங்க இரு" என்றேன். "கண்ணாடிய ஏத்திக்க. இரும்பு எதையும் தொடாதே. கார் உள்ள இருந்தா ஒண்ணும் ஆகாது."

"நானும் வாரேன்."

"அண்ணன் கூப்பிட்டா யாரு எடுக்கிறது?"

இந்த வாதம் எடுபட்டது. உண்மையான காரணம் வேறு. அங்கே என்ன கிடக்கிறதோ அதை அவள் முதலில் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். "பத்து நிமிசம் போக, பத்து நிமிசம் வர. அதுக்குள்ள போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அந்தப் பத்து நிமிடத்தில் என் சுற்றறிக்கையின் பாதியை நானே மீறினேன். கையில் இரும்புக் கம்பிக் குடை. தலைக்கு மேல் செம்பனை. பிறகு திறந்த வெளி. பளிச்சென்றது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஏழில் இடித்தது. அடுத்தது ஐந்தில். குடையை மடக்கி ஒரு புதரில் எறிந்தேன். மழை சட்டைக்குள் இறங்கியது.

பெரட்டுக் களத்தின் ஓரத்துக்கு வந்ததும் மரம் தெரிந்தது. உச்சியிலிருந்து வேர் வரை பட்டை உரிந்து, வெள்ளையாக ஒரு நீளக் கோடு. அதன் அடியில் பசு பக்கவாட்டில் கிடந்தது. நான்கு கால்களும் விறைத்து ஒரே பக்கம் நீட்டியிருந்தன. கயிறு அவிழ்க்கப்படவில்லை. கண் திறந்திருந்தது, அதில் மழை விழுந்துகொண்டிருந்தது.

பசுவிலிருந்து பத்தடி தள்ளிப் புல்லில் ஒரு நீல ரப்பர் செருப்பு. ஒற்றைச் செருப்பு.

அந்தச் செருப்பு எனக்குத் தெரியும். வார் அறுந்து, கம்பி போட்டு முறுக்கியிருப்பார். போன மாதம்தான் வேறு வாங்கித் தருகிறேன் என்றேன், இது இன்னும் ஓடும் என்றார். இப்போது அதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், என்னை அறியாமல் பழைய படிவத்தின் அந்தக் கேள்வி மனதில் வந்து நின்றது. சம்பவத்தின்போது இறந்தவர் என்ன செய்துகொண்டிருந்தார்? மாட்டை அவிழ்க்கப் போனார். கட்டத்துக்குள் அடங்கும்.

"மச்சான்!" என்று கத்தினேன். புல்லைக் காலால் விலக்கி விலக்கி மரத்தைச் சுற்றி வந்தேன். மரத்துக்குப் பின்னால் பார்த்தேன். தேடுவது கிடைத்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு அடிக்கும் பயந்தேன். எங்கே நின்று தேடுகிறேன் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. மரத்தடியில் நிற்கிறேன். அங்கிருந்து ஓடினேன். அறுபத்தெட்டு வயதில் ஓட்டம் என்று அதைச் சொல்லலாமா தெரியவில்லை.

வீட்டின் கூரையில் இரண்டு தகரங்கள் எழும்பி ஆடிக்கொண்டிருந்தன. கதவு திறந்திருந்தது. உள்ளே கண்ணாடியின் மேல் துண்டு. மேசையில் போன், அணைத்து, சுத்தமான கைக்குட்டையில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. கதவின் பின்புறம் என் சுற்றறிக்கை. ஆள் இல்லை. மழைத்தண்ணீர் கூரை வழியாகப் படுக்கையில் கொட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. தகரம் என்று நினைத்தேன். மறுபடி கேட்டது. கண்ணாடியைத் தட்டும் சத்தம். வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன்.

அங்கே அவருடைய பழைய கார் பல ஆண்டுகளாகச் செங்கல்லின் மேல் நிற்கிறது. சக்கரம் கிடையாது, எஞ்சின் கிடையாது. கோழிகள் அதில் முட்டையிடும். பின் இருக்கையில், கோழிகளுக்கு நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு மச்சான் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள வாங்க மாப்ள! படிச்ச மனுசன், வெளிய நிக்கிறீங்களே! வாங்கலா!"

நான் உள்ளே ஏறினேன். ஏறினேன் என்பதைவிட விழுந்தேன் என்பது சரி.

"கதவச் சாத்துங்க. தகரத்தத் தொடாதீங்க. கடைசி இடிக்கு எத்தன நிமிசம் ஆச்சு?"

"ரெண்டு இருக்கும்."

"அப்ப இன்னும் இருவத்தெட்டு இருக்கு."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவருடைய ஒரு கால் வெறுங்காலாக இருந்தது. உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது. நடுக்கத்தில் இருக்கையும் ஆடியது.

"மாட்ட அவுக்கப் போனேன்" என்றார். "பாதியில மழ பிடிச்சிக்கிச்சு. ஒதுங்கலாம்னு மரத்தடிக்கு ஓடுறேன். ஓடுறப்பவே உங்க காயிதம் ஞாபகம் வருது, மொத நம்பரு. நின்னுட்டேன். நின்னு திரும்புறேன், அடிச்சிருச்சு. என்னத் தூக்கிப் போட்டுருச்சு மாப்ள. முழிச்சுப் பாத்தா புல்லுல கெடக்குறேன், காது கேக்கல. மாடு கத்தக்கூட இல்ல. அப்படியே சாஞ்சிருச்சு."

கூரையைக் கை காட்டினார். "வீட்டுக்குள்ள போலாம்னு பாத்தேன். தகரம் பறக்குது. மூணாம் நம்பருபடி இங்க வந்துட்டேன். கெவர்மெண்டு அதுல சக்கரம் இருக்கணும்னு சொல்லலயே?"

"சொல்லல."

மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஆப் பண்ணுங்க!"

"மச்சான், இது ஒண்ணும் பண்ணாது."

"ஆப் பண்ணுங்க மாப்ள. கும்புடுறேன். இப்பத்தான் ஒண்ணப் பாத்துட்டு வந்திருக்கேன்."

அறிவியல் எனக்குத் தெரியும். அவர் கொஞ்சம் தெளிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று அணைத்தேன். "அஞ்சாம் நம்பரு" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் மூச்சை விட்டார்.

நிமிடங்களை அவருக்காகக் கடிகாரத்தில் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பது. பத்து. பன்னிரண்டாவது நிமிடத்தில் மலைப்பக்கம் ஒன்று உருண்டது. "திருப்பி மொதல்லேருந்து" என்றார். மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினோம். ஒரு கோழி என் தொடையில் ஏறி உட்கார்ந்தது. அதன் சூடு இதமாக இருந்தது. அவர் உயிரோடு இருக்கிறார் என்ற ஒன்றே என் தலை முழுவதும் நிறைந்திருந்தது. வேறு எதற்கும் அங்கே இடமில்லை.

"தங்கச்சிகிட்ட சொல்லிட்டுத்தானே வந்தீங்க?" என்று கேட்டார்.

"அது ரோட்டுல இருக்கு. கார்ல."

"ஒத்தையிலயா?"

கடிகாரத்தைப் பார்த்தேன். அவளை விட்டு வந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. போகப் பத்து, வரப் பத்து என்று சொல்லியிருந்தேன். போன் பண்ணுகிறேன் என்றும் சொல்லியிருந்தேன். அந்த மலாய்க்காரப் பெண் இப்போது என் எண்ணைப் பற்றியும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்திருப்பாள்.

போனைப் போட்டேன். இந்த முறை அவர் தடுக்கவில்லை. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இப்படிப்பட்ட நேரத்தில் அவள் போனை எடுக்காமல் இருக்கமாட்டாள். ஆளில்லாத காரின் இருக்கையில் போன் தனியாக அடித்துக்கொண்டிருக்கிறது என்று இருவருக்குமே புரிந்துவிட்டது. அரை மணி ஆகவில்லை. அவரே கதவைத் திறந்தார்.

பெரட்டுக் களத்துக்கு வந்தபோது அவள் அந்த மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். தலையில் முக்காடாகச் சேலை, கையில் நீலச் செருப்பு. செத்த பசுவுக்குப் பக்கத்தில், உரிந்த பட்டைக்குக் கீழே, அசையாமல். அவள் அப்பா நின்றது எப்படி என்று நான் பார்த்ததில்லை. மச்சானும் பார்த்ததில்லை. ஆனால் அவர் ஒரு சத்தம் போட்டார். அப்படி ஒரு சத்தத்தை அவரிடமிருந்து நான் கேட்டதே இல்லை.

"வெளிய வா! மரத்த விட்டு வெளிய வா!"

மழை எல்லாவற்றையும் தின்றுவிட்டது. அவள் திரும்பவில்லை. எங்களுக்கு மேலே வானம் ஒருமுறை வெள்ளையாகி அணைந்தது. இரண்டில் இடித்தது. மச்சான் ஓடினார். வெறுங்காலும் ஒற்றைச் செருப்புமாக, சற்று முன் திரும்பி வந்த அதே மரத்தை நோக்கி ஓடினார். நானும் ஓடினேன். எனக்கு முன்னால் போன அந்த முதுகை மட்டும்தான் பார்த்தேன். போகாதே என்று யாரைச் சொல்வது? ஆளுக்கொரு கையைப் பிடித்து அவளை வெளியே இழுத்தோம். ஐம்பதடி தள்ளி வந்து புல்லில் மூன்று பேரும் குந்தினோம். காலைச் சேர்த்து, தலையைக் குனிந்து. அடுத்த மின்னல் வந்தது. மரத்தில் விழவில்லை, மலைக்கு அந்தப் பக்கம் எங்கோ போனது. ஆனால் அந்த ஒரு விநாடியில் அது எங்கே விழும் என்று எங்களுக்குத் தெரியாது. இப்போதும் சில பிற்பகல்களில் அந்த ஒரு விநாடி எனக்குத் திரும்ப வருகிறது.

அவள் அண்ணனைப் பார்த்தாள். முகத்தைத் தொட்டாள். காதைத் தொட்டாள். பிறகு கையிலிருந்த செருப்பாலேயே அவர் தோளில் அடிக்க ஆரம்பித்தாள்.

"போன எதுக்குண்ணே வச்சிருக்கே? ஊறுகா போடவா? சொல்லு, ஊறுகா போடவா?"

"அடிலா, அடி" என்றார் அவர். "கம்பி போட்டிருக்கு, கையில குத்திக்காதே."

எனக்குக் கிடைத்தது அதைவிட மோசம். என்னை அவள் அடிக்கவில்லை. வீட்டுக்குப் போகும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

இடி அடங்கியதும், ஈரத்தோடு அந்த வீட்டில் நின்றுகொண்டு, உறையிலிருந்து சுற்றறிக்கையை உருவினேன். மேசையிலிருந்த பேனாவால் ஐந்தாவது பத்தியைக் குறுக்கே அடித்தேன். கைத்தொலைபேசிக்கு இது பொருந்தாது, இன்று முதல் ரத்து என்று ஓரத்தில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டேன். மச்சான் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சாப்பு இல்லியே மாப்ள?" என்றார். அரசாங்க முத்திரையைச் சொல்கிறார்.

"பென்சன்காரன்கிட்ட ஏது சாப்பு?"

"சாப்பு இல்லாம எப்படிலா?" என்று இழுத்தார். மனைவி செருப்பை இன்னும் கீழே வைக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு, "சரி, சரி" என்று காகிதத்தை உறைக்குள் போட்டார். எங்களோடு ஈப்போவுக்கு வர மாட்டேன் என்றார். மாட்டைப் புதைக்க வேண்டும், கோழியை யார் பார்ப்பது என்றார். அவருடைய படுக்கையை நனையாத மூலைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, நாங்கள் திரும்பினோம்.

மறுநாள் காலை அறிக்கை வாசித்தேன். பிற்பகல், ஒன்றிரண்டு இடங்களில் இடியுடன் கூடிய மழை. இரண்டரைக்கு எச்சரிக்கை வந்தது. மூன்று மணிக்குக் கிழக்குப் பக்கம் முழுவதும் கறுத்து, மலைமேல் மின்னல் கிளை பிரிவது எங்கள் மாடியிலிருந்தே தெரிந்தது. மனைவி எண்ணை அழுத்தினாள். அந்த மலாய்க்காரப் பெண் வரவில்லை. மணி அடித்தது. இரண்டு, மூன்று, நான்கு.

எடுத்தார்.

"சீக்கிரம் பேசு" என்றார், திருடனைப் போல மெதுவாக. "இடிக்குது. உம் புருசன் சொன்னாருன்னுதான் எடுத்தேன். கார்லதான் இருக்கேன், கோழியெல்லாம்..."

அந்தச் சொல்லோடு அங்கே ஓர் இடி விழுந்தது. போன் வழியாகவே எங்கள் சமையலறை அதிர்ந்தது.

"வைய்யிண்ணே!" என்று அலறினாள் மனைவி. "போன வைய்யி! ஆப் பண்ணு! ஆப் பண்ணு!"

அவர் அணைத்தார். அவள் போனை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்து முதல் நிமிடத்தைச் சொன்னேன்.